ஆற்றுக்கு ஒரு ரேங்க் கார்டு!

குழந்தைகளே! பரீட்சை முடிந்து ரேங்க் கார்டு கையில் வந்ததும் உங்களுக்கு எப்படி இருக்கும்? சிலருக்கு வீட்டுக்கு ஓடத் தோன்றும். சிலருக்கு அப்பா ஊருக்குப் போயிருக்கக் கூடாதா என்று தோன்றும்! 36 வருடம் ஆசிரியையாக இருந்து ஆயிரக்கணக்கான ரேங்க் கார்டுகளில் சிவப்பு மையும் நீல மையும் போட்டவள் நான். ஆனால், ஓர் ஏரிக்கு ரேங்க் கார்டு கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அந்த 'மாணவன்' ஒடிசா மாநிலத்தில் இருக்கிறான். பெயர் சிலிகா. கடலும் ஆறுகளும் கலக்கும் மிகப் பெரிய உப்புநீர் ஏரி. 2012ஆம் ஆண்டு அதற்கு ரேங்க் கார்டு எழுதினார்கள். மொத்தம் 10 பாடங்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, அதில் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது, மீன் எவ்வளவு கிடைக்கிறது, எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன, அங்குள்ள ஓங்கில்கள் (டால்பின்கள்) எப்படி இருக்கின்றன... இப்படி ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டிப் பார்த்ததில் சிலிகாவுக்குக் கிடைத்தது 'பி' கிரேடு.

"பி தானா?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஒரு காலத்தில் சிலிகா ஃபெயிலாகிப் போன மாணவன். கடலோடு சேரும் வாய் மணலால் தூர்ந்துபோய், உப்பு குறைந்து, களைச் செடி மண்டி, மீன்பிடிப்பு படுத்துவிட்டது. உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளில் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் 1993இல் அதன் பெயரையும் சேர்த்தார்கள். அளந்து பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் ஒன்றை வெட்டினார்கள். உப்புநீர் உள்ளே வந்தது. மீனும் வந்தது. 2002இல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து சிலிகாவின் பெயர் அடிக்கப்பட்டது.

சரி, ஒடிசா தூரம். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவோம்.

'புதுக்கோட்டையில் கடல் இருக்கிறதா?' என்று வெளியூர்ப் பிள்ளைகள் கேட்பார்கள். சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கிறது! கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாபட்டினம், மீமிசல் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். இந்தக் கடலுக்குப் பாக் விரிகுடா என்று பெயர். ஆழம் குறைவு, பெரிய அலையும் கிடையாது. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, "இது கடலா, குளமா?" என்று கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் வரும்.

இந்தக் கடலில் நம்முடைய வெள்ளாறு வந்து கலக்கிறது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் வெள்ளாறு இரண்டு. ஒன்று, கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருவது. மற்றொன்று, நம் தென் வெள்ளாறு. புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே ஓடி, அறந்தாங்கி வட்டாரத்தைக் கடந்து, மணமேல்குடிப் பக்கம் கடலில் சேருகிறது. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக இருந்த ஆறு இதுதான். பரீட்சைத் தாளில் இரண்டையும் மாற்றி எழுதி மார்க் இழந்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு.

பரங்கிப்பேட்டை வெள்ளாறு கொடுத்து வைத்தது. அது கடலில் கலக்கும் இடத்துக் கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 60 வருடங்களுக்கும் மேலாக அந்தத் தண்ணீரையும் மீனையும் சேற்றையும் அங்கே ஆராய்ந்து வருகிறார்கள். முதல் பெஞ்சு மாணவன் மாதிரி, எப்போதும் வாத்தியார் கண் எதிரிலேயே இருக்கிறது. நம் வெள்ளாறோ கடைசி பெஞ்சு. கடைசி பெஞ்சுப் பையனுக்கு உடம்பு சரியில்லை என்றால் கூட ரொம்ப நேரம் கழித்துத்தான் டீச்சருக்குத் தெரியும், இல்லையா?

ஆறு கடலைத் தொடும் இடத்தைக் கழிமுகம் என்பார்கள். முகத்துவாரம் என்றும் சொல்வார்கள். அங்கே தண்ணீர் முழுக்க உப்புமில்லை, முழுக்க நல்ல தண்ணீருமில்லை. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் ஒரு கிராம் கூட இருக்காது. கழிமுகத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஓர் அளவு. அதுவும் நிலையாக நிற்காது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஐப்பசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று.

இந்த இடம் ஏன் முக்கியம்? கழிமுகம்தான் கடலின் பால்வாடி! வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். ஆனால், பொரித்து வரும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் சில வாரங்களில் நீரோட்டத்தோடு மிதந்து கழிமுகத்துக்குள் வந்துவிடும. அங்கே ஆழம் குறைவு. பெரிய மீன்களின் தொல்லையும் குறைவு. தின்பதற்கு மக்கிய இலையும் நுண்ணுயிர்களும் தாராளம். சில மாதம் அங்கே வளர்ந்துவிட்டு மறுபடியும் கடலுக்குப் போய்விடும். மடவைக் குஞ்சும் இப்படித்தான் உள்ளே வரும். பால்வாடிக் கதவு பூட்டியிருந்தால் குழந்தை எங்கே போகும்? முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடந்தால் இந்தக் குஞ்சுகளின் கதியும் அதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

சுமார் இருபது வருடங்களுக்கு முன்னால், கடலோரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளாறு கடலைத் தொடும் இடத்துக்கு அதிக தூரமில்லை. அறிவியல் பாடத்தில் 'நீர் மாசு' என்று ஓர் அத்தியாயம். புத்தகத்தில் இருந்த படமோ ஏதோ ஒரு பெரிய நகரத்தின் சாக்கடை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். "சரி, நம்ம ஆத்தையே போய்ப் பார்ப்போம்" என்று ஒரு சனிக்கிழமை பெரியவர்கள் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினோம்.

வெப்பமானி ஒன்று எடுத்துப் போனோம். தண்ணீரின் நிறம், வாசனை, மிதக்கும் குப்பை எல்லாவற்றையும் நோட்டில் எழுதினோம். நேரம் காலை பத்து மணி. வெயிலில் தண்ணீர் பளபளவென்று இருந்தது. "ஆறு நலமாக உள்ளது" என்று நானே பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கரையில் வலைக்குப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தார் ஒரு தாத்தா. என் மாணவன் ஒருவனின் சொந்தத் தாத்தா. எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சரம்மா, பத்து மணிக்கு வந்து பார்த்தா ஆறு நல்லாத்தான் இருக்கும். விடியறதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து பாருங்க. அப்பத் தெரியும் சேதி."

எனக்குச் சுருக்கென்றது. பாடம் நடத்தப் போன இடத்தில் பாடம் கேட்க வேண்டியதாகிவிட்டது! அடுத்த வாரம் அந்தத் தாத்தா குடும்பத்தோடு நானும் விடிகாலை நாலரை மணிக்கு அதே இடத்துக்குப் போனேன். பங்குனி மாதம். முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டு, தண்ணீர் ஓட்டமில்லாமல் தேங்கிக் கிடந்தது. டார்ச் வெளிச்சத்தைத் தண்ணீரில் அடித்தார் தாத்தா. மடவை மீன்கள் நூற்றுக்கணக்கில் மேலே வந்து, வாயை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூச்சு முட்டும் பிள்ளை மாதிரி.

"மேல வந்து காத்துக் குடிக்குது பாருங்க. வெயில் ஏறினா கீழ போயிடும். நீங்க வர்ற நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது."

ஏன் அப்படி? மீனும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கிறது. ஆனால், தண்ணீரில் கரைந்திருப்பதை. நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் கழிமுகத் தண்ணீரில் நல்ல நிலையில் கூட 6, 7 மில்லிகிராம்தான். எவ்வளவு சிக்கனமான வாழ்க்கை பாருங்கள்! ஐந்துக்கு மேல் இருந்தால் மீனுக்குக் கவலையில்லை. இரண்டுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது.

பகலில் தண்ணீருக்குள் இருக்கும் பாசியும் நுண்தாவரங்களும் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும்போது ஆக்சிஜனை வெளியே விடும். அதனால் மத்தியானத்தில் அளவு ஏறும். இரவில் வெயில் இல்லை. அந்தப் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கும். சேற்றில் அழுகும் குப்பையும் செலவழிக்கும். இரவெல்லாம் செலவு, வரவு இல்லை. அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும். உரம் கலந்த வடிகால் நீரும் சாக்கடையும் சேர்ந்தால் பாசி அளவுக்கு மீறி வளரும். பகலில் பச்சைப் பசேலென்று செழிப்பாகத் தெரியும். விடிகாலையில்தான் வண்டவாளம் வெளியே வரும்.

கரைந்த ஆக்சிஜனை அளப்பதற்கு எளிய முறையை 1888இல் கண்டுபிடித்தவர் லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரி நாட்டு வேதியியல் அறிஞர். தண்ணீரில் மருந்துகளை வரிசையாகச் சேர்த்து, நிறம் மறைவதைக் கொண்டு கணக்கிடுவார்கள். இன்றும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் அதே முறையைச் சொல்லித் தருகிறார்கள். தண்ணீரில் முக்கினால் எண்ணைக் காட்டும் மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன.

இந்த ஒரே ஓர் எண் ஒரு பெரிய ஆற்றையே காப்பாற்றியிருக்கிறது. லண்டன் மாநகரம் வழியாக ஓடும் தேம்ஸ் ஆற்றை, 'உயிர் இல்லாத ஆறு' என்று 1957இல் அறிவித்தார்கள். நகரத்தின் கழிவெல்லாம் அதில்தான். பல மைல் நீளத்துக்கு ஆக்சிஜனே கிடையாது. பிறகு கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்களைச் சரிசெய்தார்கள். ஆறு தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள் தெரியுமா? ஆற்றங்கரையில் இருந்த மின்நிலையங்கள் இயந்திரத்தைக் குளிர்விக்க ஆற்று நீரை உறிஞ்சும். குழாய் வாயில் சல்லடை இருக்கும். அதில் சிக்கும் மீன்களை எண்ணிக் குறித்து வைத்தார்கள்! வருடத்துக்கு வருடம் புதுப்புது மீன்கள் மாட்டின. 1974இல், சுத்தமான தண்ணீரை விரும்பும் சால்மன் மீன் ஒன்று கிடைத்தது. லண்டன் பத்திரிகைகளில் அது பெரிய செய்தி.

மறுபடி நம் ஊர். தாத்தா சொன்னதைக் கேட்ட பிறகு, மாதத்துக்கு ஒரு முறை விடிகாலை மீனைப் பார்த்துச் சொல்லும் வேலையை அவரிடமே ஒப்படைத்தேன். பகல் வேலை எங்களுக்கு. அதில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது 'தட்டு இறக்குவது'.

1865ஆம் ஆண்டு, ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலில் இருந்து வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார். எவ்வளவு ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ, அதுவே தண்ணீரின் தெளிவு. அவ்வளவுதான் விஷயம்! இத்தனைக்கும் அவர் வானியல் அறிஞர். நட்சத்திரங்களை அவற்றின் ஒளியை வைத்து வகை பிரித்தவர். மேலே பார்த்தவர் கீழேயும் பார்த்திருக்கிறார். 160 வருடமாகியும் உலகமெங்கும் அந்தத் தட்டை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் தட்டு, சத்துணவுக் கூடத்தில் ஒதுக்கிப் போட்ட ஓட்டைத் தட்டு. அதை வெட்டி 20 சென்டிமீட்டர் வட்டமாக்கி, நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களுக்கு வெள்ளையும் கறுப்பும் பெயின்ட் அடித்தோம். அடியில் கனத்துக்கு ஒரு பெரிய நட்டு. நைலான் கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. நிழல் பக்கமாக நின்று இறக்க வேண்டும்; இல்லையென்றால் வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும். மறையும்போது ஒரு தடவை, மேலே இழுக்கையில் மறுபடி தெரியும்போது ஒரு தடவை முடிச்சை எண்ணி, இரண்டுக்கும் சராசரி. கார்த்திகை மழையில் ஆறு செம்மண்ணோடு வந்தபோது இரண்டாவது முடிச்சிலேயே தட்டு காணாமல் போனது. மாசியில் ஒன்பது முடிச்சு. "டீச்சர், தட்டு சிரிக்குது!" என்று கத்தினாள் ஒருத்தி.

இந்த முடிச்சுக் கணக்குக்கும் ஆவுளியாவுக்கும் சம்பந்தம் இருக்கிறது. ஆவுளியா என்றால் கடற்பசு. மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. பாக் விரிகுடாவின் அடியில் புல்வெளி மாதிரி கடல் புற்கள் வளர்ந்திருக்கின்றன. அவைதான் அதன் சாப்பாடு. ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும். கடல் புல் பாசி அல்ல, பூக்கிற தாவரம். அதற்கு வெயில் வேண்டும். ஆறு அளவுக்கு மீறிய சேற்றையும் கழிவையும் கொண்டுவந்து கொட்டினால் தண்ணீர் கலங்கும், வெயில் அடியில் இறங்காது, புல் செத்துப்போகும், ஆவுளியா பட்டினி. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியாவிலேயே முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் நம்முடையது! கடலில் எல்லை வரைந்துவிட்டோம். ஆனால், ஆற்றிலிருந்து வரும் சேற்றுக்கு எல்லைக்கோடு தெரியாதே.

செய்து பாருங்கள்!

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். ஒரு சொட்டு நீல மை விடுங்கள். இப்போது நல்ல தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகின் மேல் விட்டு, மெதுவாக, மிக மெதுவாக வழிய விடுங்கள். நல்ல தண்ணீர் மேலே தனியாக நிற்கும். நீல உப்புத் தண்ணீர் கீழே. கழிமுகத்திலும் இதே கதைதான். மேலே ஆறு, கீழே கடல்! அதனால்தான் மேல் தண்ணீரை மட்டும் மொண்டு பார்த்து உப்பு இல்லை என்று சொல்லக் கூடாது. அடித் தண்ணீர் எடுக்க நாங்கள் பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கையில் தனிக் கயிறு கட்டினோம். ஆழத்துக்குப் போனதும் தக்கையை இழுத்தால் பாட்டில் அங்கேயே நிரம்பும். உப்பை அளக்க உறிஞ்சுகுழல் போதும். ஒரு முனையை மெழுகால் அடைத்து, உள்ளே கொஞ்சம் மணல் போட்டு நட்டுக்கு நிற்க விடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் ஒரு கோடு, கடல் தண்ணீரில் ஒரு கோடு. கடல் நீரில் குழல் சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். கழிமுகத் தண்ணீர் நடுவில் எங்கோ வரும். தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்!

தண்ணீரை அளந்தால் அந்த நேரத்துச் செய்திதான் கிடைக்கும். பல நாள் செய்தி வேண்டுமென்றால் சேற்றில் குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டும். ஒரு கையை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு ஆட்டி ஆட்டிக் கூப்பிடுமே, அந்தக் குட்டி நண்டு. அது ஓரிடத்தில் வளை தோண்டி வாழ்வது. மீன் போல ஓடிப் போகாது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக நாலு குச்சி நட்டு, கயிறு கட்டி, உள்ளே எத்தனை வளை என்று எண்ணுவோம். வளை குறைந்துகொண்டே வந்தால் சேற்றில் ஏதோ கோளாறு. பிள்ளைகளுக்குள் சண்டை வரும். "அது பழைய வளை, நண்டு இல்லை" என்பான் ஒருவன். "நீ கையை விட்டுப் பாருடா" என்பான் மற்றவன். யாரும் கையை விட்டதில்லை!

மீமிசல் பக்கம் முத்துக்குடாவுக்குப் போனால் அலையாத்திக் காட்டைப் பார்க்கலாம். உப்புச் சேற்றில் வேர்களை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் மரங்கள். அவற்றுக்கும் ஆற்றின் நல்ல தண்ணீர் அவ்வப்போது வேண்டும். உப்பு ஏறிக்கொண்டே போனால் புதிய கன்றுகள் தலையெடுக்காது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 'மழைத் தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது' என்று மழைக்காலத்தில் எல்லோரும் சொல்கிறோம். நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வெள்ளாறு மழையை நம்பிய ஆறு. வருடத்தில் பாதிக்கு மேல் மணல்தான் தெரியும். வழியெல்லாம் அணைக்கட்டு, கண்மாய், ஏரி. கல்லணையில் புறப்பட்டு, 148 கிலோமீட்டர் ஓடிவரும் கல்லணைக் கால்வாய் முடிவதும் மும்பாலை ஏரியில்தான். 1934இல் வெட்டி முடித்த கால்வாய் அது. வயலுக்குத் தண்ணீர் முக்கியம். அதை யார் மறுக்க முடியும்? ஆனால், ஐப்பசி, கார்த்திகையில் பாய்ந்து வரும் அந்த வெள்ளம்தான் முகத்துவாரத்து மணலைத் தள்ளிக் கதவைத் திறக்கிறது. இறால் குஞ்சுக்கு அது வீண் தண்ணீர் இல்லை. 'வீண்' என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் வகுப்பில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இறால் பண்ணைகளையும் சொல்ல வேண்டும். நம் கடலோரத்தில் நிறைய இருக்கின்றன. பண்ணைக்குத் தண்ணீர் எடுப்பதும் கழிகளிலிருந்துதான், பல சமயம் வடிப்பதும் அங்கேதான். தீனியும் கழிவும் சேர்ந்த தண்ணீரை அப்படியே வடித்துவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்புக் கொடுத்தது. பின்னர், 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பண்ணைக்காரர்களுக்கும் சுத்தமான தண்ணீர் வேண்டும் அல்லவா? ஒருவர் வடித்தது பக்கத்துப் பண்ணைக்குள் போனால் இறாலுக்கு நோய். அதனால் அளந்து பார்ப்பது அவர்களுக்கும் லாபம்தான்.

பாம்பன் பக்கம் 2019 செப்டம்பரில் கடல் பச்சையாக மாறியதைப் பற்றி உங்கள் அக்கா, அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகி, மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. விஞ்ஞானிகள் உடனே தண்ணீரை எடுத்துப் பரிசோதித்தார்கள். இந்தியக் கடலோரத்தில் பல இடங்களில் 1990களின் தொடக்கத்திலிருந்து நீரின் தரத்தை அளந்து வருகிறார்கள். இப்போது அந்தப் பணியைச் செய்வது சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். பழைய கணக்கு கையில் இருந்தால்தான், புதிதாக வந்தது என்ன என்று சொல்ல முடியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் நோட்டு இரண்டு வருடம் ஒழுங்காக நடந்தது. மாதம் இரண்டாவது சனிக்கிழமை, அதே இடம், அதே தட்டு. பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது. நோட்டை என்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அங்கேயே யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அது என் தப்பு.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னையும் படகும் வீடும் போன துயரம் உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்து அந்த முகத்துவாரத்துக்குப் போனேன். மணல் மேடு வேறு இடத்தில் இருந்தது. நண்டு வளைகள் இருந்த சேற்றின் மேல் வெள்ளை மணல். "புயலுக்கு முன்னாடி இங்க எவ்வளவு வளை இருந்துச்சு?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதினைந்து வருடத்துக்கு முந்தைய கணக்குதான் என்னிடம் இருந்தது. நடுவில் பக்கங்கள் எல்லாம் காலி. புயல் அடித்ததா, அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா, என்னால் சொல்ல முடியவில்லை.

வலை தைத்த தாத்தா அப்போது உயிரோடு இல்லை. அவர் பேரன், என் பழைய மாணவன், கரையில் ஃபைபர் படகு வைத்திருந்தான். "டீச்சர், அந்தத் தட்டு எங்க வீட்டுப் பரண்லதான் கெடக்கு" என்றான்! பெயின்ட் உரிந்து, கயிறு இற்றுப் போயிருந்தது. புதுக் கயிறு வாங்கி முடிச்சுப் போட்டோம்.

இப்போது அவன் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தட்டும் நோட்டும் அவளிடம். அப்பாவும் இன்னொரு பெரியவரும் கூட இருந்தால் மட்டுமே தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும், வெள்ள நேரத்தில் அறவே போகக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். போன மாதம் முதல் பக்கத்தை எழுதி எனக்குக் காட்டக் கொண்டுவந்தாள். அழகான கையெழுத்து. தேதி, இடம், தட்டு ஏழு முடிச்சு, நண்டு வளை, முகத்துவாரம் திறந்திருக்கிறது, எல்லாம் இருந்தது. ஒன்றுதான் இல்லை. எத்தனை மணிக்குப் பார்த்தாள் என்று எழுதவில்லை. சிவப்பு மையால் ஒரு சுழி போட்டு, "உன் பாட்டனாரிடம் நானும் இதே தப்புக்குத்தான் மாட்டினேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.